உங்கள் நினைவில் இருக்கும் முதல் வீடியோ கேம் எது?

செகண்ட் பிளேயர் கேட்டது:

பிடித்த கேம் எது என்று கேட்கவில்லை. உலகத்திலேயே சிறந்த கேம் எது என்ற சண்டையும் இங்கே வேண்டாம். யோசித்துக்கொண்டே பின்னால் போனால் கடைசியில் முட்டிக்கொண்டு நிற்கிற இடம் ஒன்று இருக்குமே, அதைத்தான் கேட்கிறேன். கேமின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு நிறமோ சத்தமோ இருந்தால் போதும். நீங்கள் விளையாடியதாகக்கூட இருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்ததும் கணக்கில் சேரும்.

என்னுடையது டக் ஹன்ட், டிவி திரையில் பறக்கும் வாத்தைப் பொம்மைத் துப்பாக்கியால் சுடுகிற கேம். அது 1984இல் வந்த கேம். எங்கள் வீட்டுக்கு ரொம்பத் தாமதமாக, யார் யாரோ ஆடி முடித்த பிறகு வந்து சேர்ந்தது. அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். துப்பாக்கி அவள் சொத்து, யாரும் தொடக்கூடாது. திரைக்கு அரை அடி தூரத்தில் நின்றுதான் சுடுவாள். குறி பார்க்க ஒரு கண்ணை மூட வேண்டும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு கண்ணை மட்டும் மூட அவளுக்கு வராது. அதனால் இடது கையால் பொத்திக்கொள்வாள். எனக்கு முதலில் ஞாபகம் வருவது வாத்தோ நாயோ இல்லை, அந்தக் கைதான்.

அப்புறம்தான் நாய். புல்லை மோப்பம் பிடித்துக்கொண்டு வரும், உள்ளே குதிக்கும், வாத்து கிளம்பும். வாத்து கிளம்பினால் மூன்று தோட்டா. மூன்றும் வீணானால் நாய் புல்லுக்கு மேலே எழுந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். அக்காவைப் பார்த்து ஒருவர் சிரிக்க முடியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. நாய் சிரிப்பதற்காகவே அவள் குறி தப்ப வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன்.

எனக்கும் வேண்டும் என்று நான் அழ ஆரம்பித்தால் கன்ட்ரோலரைத் தூக்கி என் மடியில் போடுவாள். "நீதான் வாத்து, தப்பிச்சு ஓடு பாக்கலாம்." நான் அழுத்துவேன், வாத்து திரும்பும். சில நேரம் நான் என்ன அழுத்தினாலும் அது பாட்டுக்கு வேறு பக்கம் போகும். ஏன் என்று கேட்டால், "வாத்துக்கு உன் மேல கோபம்" என்பாள்.

வளர்ந்த பிறகு எல்லோர் வீட்டுக் கதையையும் கேட்டேன். வயரைச் செருகாமல் கன்ட்ரோலரைச் சின்னப் பிள்ளை கையில் கொடுத்து ஏமாற்றாத அண்ணனோ அக்காவோ இல்லை போலிருக்கிறது. சரி, நம் கதையும் அதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். ஆனால் அக்கா இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. "சத்தியமா நீதான்டா ஓட்டினே" என்கிறாள்.

தம்பி பிறப்பதற்கு முன்னால் நடந்தது என்பதால் எனக்கு அப்போது நாலு வயது நிரம்பியிருக்காது. அந்த வயது ஞாபகத்தை எந்த அளவுக்கு நம்பலாம்? துப்பாக்கியால் சுடுகிற கேமில் இன்னொருவர் வாத்தை ஓட்டவும் முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சொல்லிவிட்டு அப்படியே போய்விடாமல் உங்கள் கதையையும் எழுதுங்கள்.

பிக்சர் டியூப் எழுதியது:

உங்கள் அக்கா பொய் சொல்லவில்லை.

டக் ஹன்ட் மெனுவில் ஏ, பி, சி என்று மூன்று ஆட்டம் இருக்கும். ஏ என்றால் ஒரு வாத்து, பி என்றால் இரண்டு, சி-யில் வாத்தே கிடையாது, பறக்கும் களிமண் தட்டுகள்தான். இதில் ஏ ஆட்டத்தில் மட்டும், கன்ட்ரோலர் வைத்திருப்பவர் வாத்தைத் திருப்பி ஓட்டலாம். இது ரகசியமே இல்லை, கேமோடு வந்த கையேட்டிலேயே போட்டிருந்தார்கள். கையேட்டை யார் படித்தார்கள்?

நின்டெண்டோவின் என்இஎஸ் இயந்திரத்தில் துப்பாக்கி இரண்டாவது துளையில் போகும். வாத்தை ஓட்டுகிற கன்ட்ரோலர் முதல் துளையில். ஆகவே தயவுசெய்து உங்கள் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள், நீங்கள் ஃபர்ஸ்ட் பிளேயர். வாத்துக்குக் கோபம் வந்த நேரமெல்லாம் அக்கா பி ஆட்டத்துக்கு மாறியிருப்பார் என்று நினைக்கிறேன். அப்போது திரையில் இரண்டு வாத்து பறந்ததா என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

அரை அடியில் நின்று சுட்டதைப் பற்றி. துப்பாக்கியிலிருந்து திரைக்கு எதுவும் போவதில்லை. போவதெல்லாம் திரையிலிருந்து துப்பாக்கிக்குத்தான். குழலுக்குள் வெளிச்சத்தை உணர்கிற ஒரு சென்சார் இருக்கிறது. விசையை அழுத்தியதும் திரை முழுக்க ஒரு கணம் கறுப்பாகிவிடும். அடுத்த ஃபிரேமில், அதாவது திரையில் அடுத்த படம் வரும்போது, வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். முதலில் இருட்டு, உடனே வெளிச்சம் என்று சென்சார் பார்த்தால் வாத்து விழும். இரண்டு வாத்து இருந்தால் இரண்டு கட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக வரும், எந்த நேரத்தில் வெளிச்சம் தெரிந்தது என்பதை வைத்து எந்த வாத்து என்று கண்டுபிடித்துவிடும். அந்த முதல் கறுப்பு இல்லாவிட்டால், எரிகிற பல்பைப் பார்த்துச் சுட்டே எல்லா வாத்தையும் வீழ்த்தியிருக்கலாம். (முயற்சி செய்யாத வீடு உண்டா?)

நொடிக்கு 60 ஃபிரேம் ஓடுகிற திரையில் நடக்கிற வேலை என்பதால் கண்ணுக்கு ஒரு சிமிட்டலாகத்தான் தெரியும். இன்றைய எல்சிடி டிவியில் படம் கொஞ்சம் பிந்தித்தான் திரைக்கு வருகிறது. கேம் எதிர்பார்க்கிற நேரத்தில் வெள்ளைக் கட்டம் அங்கே இருக்காது, அதனால் துப்பாக்கி வேலை செய்யாது. பரணிலிருந்து எடுத்துச் செருகிப் பார்த்துவிட்டு, துப்பாக்கி கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

என் முதல் ஞாபகத்தில் கேமே இல்லை. அண்ணன் கேம் கேசட்டை இயந்திரத்திலிருந்து பிடுங்கி, மவுத் ஆர்கன் வாசிப்பதுபோல இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஊதுகிற சத்தம்தான் இருக்கிறது. ஊதியதால் ஒன்றும் சரியாகவில்லை என்பது இப்போது தெரியும். கழற்றி மறுபடி செருகியபோது பின்கள் சரியாக உட்கார்ந்தன, அவ்வளவுதான். உண்மையில் வாய் ஈரம் பட்டுப் பின்கள் அரித்துப்போகும். ஆனாலும் இன்று ஒரு பழைய கேசட் கையில் கிடைத்தால் நான் ஊதாமல் செருக மாட்டேன்.

செகண்ட் பிளேயர் எழுதியது:

முதல் கன்ட்ரோலரா! இதை அப்படியே அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். "இத்தனை வருஷமா திருடின்னு சொன்னியே" என்று பதில் வந்தது, கூடவே கோபப் பொம்மைகள் ஒரு வரிசை.

இரண்டு வாத்து பறந்ததா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரியவில்லை. அவளிடம் கேட்டேன். "நீ நல்லா ஓட்ட ஆரம்பிச்சதும் ரெண்டு வாத்துக்கு மாத்திடுவேன், அழுவ மாட்டே, கன்ட்ரோலர் கையில இருந்தா போதும் உனக்கு" என்றாள். பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கிறது. பெயரை மட்டும் மாற்ற மாட்டேன், பழகிவிட்டது.

ஓசி டிரைவர் எழுதியது:

நீங்களாவது நிஜமாக வாத்தை ஓட்டியிருக்கிறீர்கள். நான் ஓட்டியதாக நினைத்தது எதையுமே நான் ஓட்டவில்லை.

காசு போட்டு ஆடுகிற ஆர்கேடில் நிற்கும் கார் கேம், அவுட் ரன். சேகா கம்பெனிக்காக யூ சுசுகி உருவாக்கியது, 1986. சிவப்பு கார், மேல்கூரை கிடையாது, பக்கத்தில் பொன்னிற முடிப் பெண். உட்கார்ந்து ஓட்டுகிற பெரிய வகையில், நிஜ ஸ்டீயரிங், நிஜ பெடல். வளைவில் சீட்டோடு சேர்ந்து முழுப் பெட்டியும் ஆடும். மாமா என்னைத் தூக்கி அதில் உட்கார வைத்துவிட்டு அவர் ஆடப் போய்விடுவார். கால் பெடலுக்கு எட்டாது. எட்டாவிட்டால் என்ன, கார்தான் ஓடிக்கொண்டே இருக்கிறதே. ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தேன், கார் இடது பக்கம் திரும்பியது. முன்னால் லாரி வந்தது, ஒதுங்கியது. இவ்வளவு சின்ன வயதில் இவ்வளவு நன்றாக ஓட்டுகிறேனே என்று எனக்கே ஒரு பெருமை. திரையில் ஏதோ எழுத்து விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது. அது "இன்சர்ட் காயின்".

யாரும் காசு போடாதபோது ஆள் பிடிப்பதற்காக இயந்திரம் தானே ஆடிக் காட்டுகிற காட்சி அது. வீட்டுக் கேம்களிலும் உண்டு. சூப்பர் மாரியோவில் ஸ்டார்ட் அழுத்தாமல் கொஞ்ச நேரம் விட்டால் மாரியோ தானாகக் கிளம்பி ஓடுவான். என் தங்கை மகன் அந்த நேரம் பார்த்து கன்ட்ரோலரை எடுத்து, நான் பெருமைப்பட்ட அதே முகத்தோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். நான் எதுவும் சொல்லவில்லை.

வயிற்றெரிச்சல் ஒன்று பாக்கி இருக்கிறது. அவுட் ரன்னில் காசு போட்டதும் முதலில் வருவது கார் ரேடியோ. மூன்று பாட்டில் எது வேண்டும் என்று நீங்களே திருப்பி வைத்துக்கொண்டுதான் கிளம்புவீர்கள். அந்தக் கேமின் உயிரே அந்தப் பாட்டுகள்தான் என்பார்கள். என் பயணத்தில் ரேடியோ பெட்டியே கண்ணில் பட்டதில்லை. ஓசியில் ஓட்டியவனுக்குப் பாட்டு எதற்கு?

அரைத்தூக்கம் எழுதியது:

ஞாபகத்தை நம்பலாமா என்ற கேள்வியை எல்லோரும் சாமர்த்தியமாகத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

பெரியவர்களிடம் கேட்டால் அவர்கள் சொல்லும் முதல் ஞாபகம் சராசரியாக மூன்று, மூன்றரை வயதில் வந்து நிற்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதற்கு முந்தியது அநேகமாக அழிந்துவிடும். அதனால் நாலு வயதுக்குள் ஒரு காட்சி தங்கியிருப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் பிறகு கேட்ட கதையும் பார்த்த போட்டோவும் அதனோடு கலந்துவிடும், எது எங்கிருந்து வந்தது என்று நாமே பிரிக்க முடியாது. செகண்ட் பிளேயர் சொன்னதில் நாய் சிரிப்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன், அதை அவர் அப்புறமும் எத்தனையோ தடவை வீடியோவில் பார்த்திருப்பார். கண்ணைப் பொத்திய இடது கையை நம்புவேன். அதை வேறு யாரும் அவருக்குச் சொல்லியிருக்க வாய்ப்பில்லை.

ஓசி டிரைவர் ஓட்டவில்லை என்கிறார். எனக்கு உடன்பாடில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பிய கைக்கு டெமோவா நிஜமா என்று தெரியுமா?

சும்மா சொல்லவில்லை. 2000இல் ராபர்ட் ஸ்டிக்கோல்ட் குழுவினர் சயின்ஸ் இதழில் ஒரு ஆய்வு எழுதினார்கள். மேலிருந்து விழுகிற கட்டைகளைச் சந்தில்லாமல் அடுக்குகிற டெட்ரிஸ் கேமை ஆட்களை ஆடவிட்டு, தூக்கம் வருகிற நேரத்தில் கண்ணுக்குள் என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். பலருக்குக் கட்டைகள் விழுவது தெரிந்தது, அதை நாமும் எதிர்பார்ப்போம். ஆனால் அந்தக் கூட்டத்தில், மூளைப் பாதிப்பால் புதிதாக எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாத சிலரும் இருந்தார்கள். கேம் ஆடினோம் என்பதே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது. அவர்களிலும் சிலருக்குக் கட்டைகள் விழுந்தன. எங்கிருந்து வருகிறது என்று தெரியாமலே பார்த்தார்கள்.

என் முதல் கேமும் அந்த டெட்ரிஸ்தான். மாஸ்கோவில் 1984இல் அலெக்ஸி பஜித்னோவ் அதை எழுதியபோது அவருடைய கணினியில் படம் வரைகிற வசதிகூட இல்லை, அடைப்புக்குறிகளை அடுக்கித்தான் கட்டை செய்தார். எனக்கு வந்தது சாம்பல் திரை வைத்த கையடக்கப் பெட்டி. பெயர், ஊர், ஆள் எதுவும் அப்போது தெரியாது. எப்போது வாங்கினார்கள், யார் கொடுத்தார்கள் என்று கேட்டால் ஒன்றுமே வராது. ஆனால் வலது ஓரத்தில் ஒரு சந்து விட்டு, மற்ற இடமெல்லாம் அடைத்துக்கொண்டு, நாலு கட்ட நீளக் கட்டைக்காகக் காத்திருந்தது வயிற்றுக்குள் இருக்கிறது. அது வரவே வராது. இசட் வடிவக் கட்டை வரும், எஸ் வரும், மறுபடி இசட் வரும். மேலே இடம் குறையக் குறையக் காது சூடாகும். இப்போதும் ஏதாவது ஒரு ஃபோன் காலுக்காகக் காத்திருந்தால் அதே சூடு.

புதர் எழுதியது:

என்னுடையது குட்டிக் கதை. சூப்பர் மாரியோ, 1985இல் வந்தது. அண்ணன் ஆட, நான் பார்ப்பேன். ஒருநாள், "அந்த மேகமும் அந்தப் புதரும் ஒண்ணுதான்" என்றேன். அண்ணனும் அவன் நண்பர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேகம் வெள்ளை, புதர் பச்சை, இதுகூடத் தெரியவில்லை என்று கொஞ்ச நாள் என்னை மேகம் என்றே கூப்பிட்டார்கள்.

ஒரே படம்தான். நிறத்தை மட்டும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். முழு கேமும் 40 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும், அதில் படங்களுக்குக் கிடைத்தது 8 கிலோபைட். கிடைத்த வடிவத்தை இரண்டு தடவை பயன்படுத்தாமல் என்ன செய்வார்கள்? கன்ட்ரோலர் கையில் இருந்தவன் காளானையும் பள்ளத்தையும் பார்த்தான். சும்மா உட்கார்ந்திருந்தவள் மேகத்தைப் பார்த்தேன். வேடிக்கை பார்த்ததும் கணக்கில் சேரும் என்றீர்களே, அதனால் எழுதினேன்.

ஷிஃப்ட் கீ எழுதியது:

எங்கள் வீட்டில் ஒரே கேமை இரண்டு பேர் ஆடினோம். பிரின்ஸ் ஆஃப் பெர்சியா, டாஸ் என்ற பழைய இயங்குதளம் ஓடுகிற கணினியில். அம்புக்குறிகள் அப்பா கையில், ஷிஃப்ட் என் கையில். அந்தக் கேம் தெரிந்தவர்களுக்கு ஷிஃப்டின் மதிப்பு தெரியும். மெதுவாக ஓர் அடி வைக்க ஷிஃப்ட், வாளை எடுக்க ஷிஃப்ட், குப்பியிலிருந்து குடிக்க ஷிஃப்ட். எல்லாவற்றுக்கும் மேலாக, தாவிப்போய் எதிர் விளிம்பைப் பிடித்துத் தொங்க ஷிஃப்ட். அப்பா கேமின் நாயகனைத் தாவ வைப்பார், அந்தரத்தில் இருக்கும்போது "புடி!" என்று கத்துவார். நான் பிடிக்காவிட்டால் அவன் விழுவான். கீழே முள் இருந்தால் அந்தச் சத்தம் வரும். நான் பார்க்க மாட்டேன்.

மற்றக் கேம்களில் செத்தால் ஒன்றும் தோன்றாது, இதில் தோன்றியது. அவன் ஓடுவதும் கால் தடுமாறி நிற்பதும் நிஜ ஆள் மாதிரியே இருக்கும். ஜோர்டான் மெக்னர் தன் தம்பியை ஓடவிட்டு, குதிக்கவிட்டு வீடியோ எடுத்து, அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு அசைவாக வரைந்தார் என்று பிற்பாடு தெரிந்தது. 1989இல் வந்த கேம். மொத்தம் 60 நிமிடம்தான் நேரம், அதற்குள் இளவரசியைக் காப்பாற்ற வேண்டும்.

நாங்கள் காப்பாற்றவில்லை. முதல் ஸ்டேஜ் முடிந்ததும் குப்பிகள் நிறைந்த ஓர் அறை வரும். ஒவ்வொரு குப்பிக்கு மேலும் ஓர் ஆங்கில எழுத்து. கையேட்டில் இத்தனையாம் பக்கம், இத்தனையாம் வரி, இத்தனையாம் சொல், அதன் முதல் எழுத்து எதுவோ அந்தக் குப்பியைக் குடி என்று கேட்கும். காசு கொடுத்து வாங்காதவர்களைத் தடுக்கப் போட்ட பூட்டு. எங்களிடம் யாரோ கொடுத்த ஃபிளாப்பி மட்டும்தான் இருந்தது. அப்பா என்னைப் பார்த்து, "எந்த எழுத்துடா கண்ணு?" என்பார். எழுத்து கற்றுக்கொள்கிற வயது. நான் ஒவ்வொரு முறையும் என் பெயரின் முதல் எழுத்தைச் சொல்வேன். அவரும் மறுக்காமல் அங்கே கொண்டுபோய் நிறுத்துவார், நான் ஷிஃப்டை அழுத்துவேன். எப்போதாவது அது சரியாகவும் அமைந்து கதவு திறந்துவிடும். அது அந்தக் கேமின் கடைசிக் கதவு என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் இன்னும் பதினொரு ஸ்டேஜ் இருக்கிறது.

புதுசு எழுதியது:

இப்போதுதான் சேர்ந்தேன். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்று சொன்னதால் துணிந்து கேட்கிறேன். ஓர் ஆள் சிங்கத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு போவான். எதிரில் நெருப்பு வளையங்கள் வரும், சிங்கத்தோடு சேர்ந்து அதற்குள் குதிக்க வேண்டும். கீழேயும் சட்டியில் நெருப்பு எரியும். இது கனவா, கேமா? வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

பிக்சர் டியூப் எழுதியது:

கேம்தான். சர்க்கஸ் சார்லி. கொனாமி 1984இல் ஆர்கேடுக்குச் செய்தது, பிறகு வீட்டு இயந்திரத்துக்கும் வந்தது. ஒரே கேசட்டில் நிறைய கேம்களை அடைத்து விற்பார்களே, அவற்றில் அடிக்கடி இருக்கும். சிங்கம் முதல் ஸ்டேஜ். இரண்டாவதில் சார்லி கயிற்றின் மேல் நடப்பான், எதிரில் குரங்குகள் வரும், தாண்டிக் குதிக்க வேண்டும்.

புதுசு எழுதியது:

அதேதான்! படம் தேடிப் பார்த்துவிட்டேன், அதே சிங்கம், அதே சட்டி. ரொம்ப நன்றி.

ஆனால் கயிறும் குரங்கும் எனக்குத் துளிகூட ஞாபகம் இல்லை. நான் முதல் ஸ்டேஜைத் தாண்டவே இல்லை போலிருக்கிறது.